ஜொவிட்டா என்று இரண்டு பேர்

ஜூலியட் வேலையை விட்டுப் போகவிருந்த வாரத்தின் திங்கட்கிழமை புதிய சர்வர் வந்து இறங்கியது. இரண்டு ஆட்கள் அதை மாடிப்படியில் பக்கவாட்டில் சாய்த்துத் தூக்கி வந்தார்கள். நந்தனத்தில், அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில், ஒரு பல் மருத்துவமனைக்கு மேலே இருந்தது அவளுடைய அலுவலகம். டயாலிசிஸ் மையங்களுக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் சிறிய நிறுவனம். நகரம் முழுக்கக் கிளைகள் வைத்திருந்த ஒரு அறக்கட்டளைதான் அவர்களின் பெரிய வாடிக்கையாளர். அந்த மையங்களுக்கு வரும் நோயாளிகளின் பெயர், வயது, மருந்து, எந்த நாள் எந்த நாற்காலி என்பதெல்லாம் ஒரு டேட்டாபேஸில் இருந்தன. அதைப் பார்த்துக்கொள்ள இருந்தவள் ஜூலியட் ஒருத்திதான்.

ஒருத்திதான் என்பதால்தான் அவள் போகத் தீர்மானித்தாள். சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நன்மை அப்பம் வாங்க வரிசையில் நிற்கும்போது போன் அதிரும். தங்கை கல்யாணத்தில் மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்திருக்கிறாள். வேளச்சேரியில் ஒரு பெரிய நிறுவனத்தில் இப்போது வேலை கிடைத்திருந்தது. அங்கே இதே வேலைக்கு ஒரு குழுவே இருந்தது. முறை போட்டுக்கொண்டு பார்ப்பார்கள். முறை இல்லாத நாளில் போனை அணைத்து வைக்கலாம் என்று நேர்காணலில் சொன்னார்கள். மறுபடியும் சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

அவர்கள் கேட்டது ரிலீவிங் லெட்டர் மட்டும். பழைய இடத்தில் முறைப்படி விடுவித்துவிட்டார்கள் என்ற அந்தத் தாள் இல்லாமல் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அதில் கையெழுத்துப் போடவேண்டியவர் நிறுவனத்தை நடத்தும் ஸ்ரீரங்கன். புதிய சர்வருக்கு எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கையெழுத்து என்று அவர் சொல்லியிருந்தார்.

"பழசுல எப்படி இருக்கோ அப்படியே புதுசுலயும் போட்டுடு," என்றார் அன்று. அறுபதை நெருங்கியவர். மயிலாப்பூர்க்காரர். குரலை உயர்த்தியே பேசமாட்டார். "ஒண்ணையும் மாத்தாதே."

"அப்படியே போடக்கூடாது சார். பழசுக்கு எழுத்துன்னா என்னன்னே தெரியாது."

அவள் சொன்னது உண்மை. டேட்டாபேஸ் சர்வரை முதன்முதலில் தொடங்கும்போது அதற்கு இரண்டு விஷயங்கள் தெரிய வேண்டும். எழுத்துகளை எந்த எண்களாக எழுதி வைப்பது என்பது ஒன்று. அதற்கு என்கோடிங் என்று பெயர். எந்த மொழியின் வழக்கப்படி பெயர்களை ஒப்பிட்டு வரிசைப்படுத்துவது என்பது மற்றது. அது லொக்கேல். ஒன்றும் சொல்லாமல் தொடங்கினால் அந்தக் கணினியில் அப்போது என்ன இருக்கிறதோ அதையே எடுத்துக்கொள்ளும். அதன்பிறகு மாற்றமுடியாது. மாற்றியே ஆகவேண்டுமென்றால் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, வேறொன்றைப் புதிதாகத் தொடங்கி, திரும்ப உள்ளே போடவேண்டும்.

பழைய சர்வரைப் பல வருடங்களுக்கு முன் யாரோ எதுவும் சொல்லாமல் தொடங்கிவிட்டிருந்தார்கள். யாரும் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. அதனால் அது வருகிற எண்களை வாங்கி வைத்துக்கொள்ளும், கேட்டால் திருப்பிக் கொடுக்கும், அவ்வளவுதான். பழைய தமிழ் எழுத்துருக்களில் அடித்த பெயர்களும், பிற்பாடு வந்த யூனிகோடில் அடித்த பெயர்களும் அதற்குள் ஒன்றாகக் கிடந்தன. எது எது என்று அதற்குத் தெரியாது.

"யூனிகோடுக்கான யுடிஎஃப்-8 என்கோடிங்னு சொல்லித் தொடங்கினா, தப்பா இருக்கற பேரையெல்லாம் உள்ள விடாது சார். எல்லாத்தையும் சரிபண்ணித்தான் ஏத்தணும். மூணு வாரம் ஆகும்."

"அதுக்குத்தான் சொல்றேன். பழைய டிஸ்க் என்னிக்கு வேணும்னாலும் போயிடும், நீயே சொன்னே. புதன்கிழமை டிரஸ்ட்ல அக்ரிமெண்ட் புதுப்பிக்கறா. நீயும் வெள்ளிக்கிழமை கிளம்பறே." ஸ்ரீரங்கன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பழைய மாதிரியே போட்டா ஒரு நாள் வேலை. எல்லாரும் நிம்மதியாப் போகலாம்."

மூன்று வாரம் என்று சொன்னபோதே அது தன்னையும்தான் கட்டிப்போடும் என்று ஜூலியட்டுக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் காலை, சொன்னபடியே செய்துவிடுவது என்றுதான் அலுவலகத்துக்கு வந்தாள். ஆனாலும் எவ்வளவு பழுது இருக்கிறது என்று எழுதியாவது வைத்துவிட்டுப் போகலாம் என்று தன் சொந்தக் கணினியில் யுடிஎஃப்-8 என்று சொல்லிச் சின்னதாக ஒரு டேட்டாபேஸைத் தொடங்கினாள். பழைய தரவின் நகலை அதில் ஏற்றிப் பார்த்தாள். எதிர்பார்த்தபடியே பழைய எழுத்துருப் பெயர்கள் உள்ளே நுழைய முடியாமல் திரும்பி வந்தன. அவற்றைத் தனியாக ஒதுக்கினாள். மீதி ஏறியது.

பக்கத்து மேசையிலிருந்து காஷிஃப் எட்டிப் பார்த்தான். மென்பொருள் எழுதுபவன். ஜூலியட் போனபின் அவள் வேலையையும் அவன்தான் பார்க்க வேண்டும் என்று ஸ்ரீரங்கன் சொல்லியிருந்தார்.

"இன்னாக்கா, போற நேரத்துல இதெல்லாம் நோண்டிக்கினு கீறீங்க?"

"சும்மா பாக்கறேன்."

தமிழில் சில எழுத்துகளைக் கணினிக்குள் இரண்டு விதமாக எழுதலாம். 'ஜொ' என்பதை ஒரு கீபோர்டு ஜ, முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால் என்று மூன்று துண்டாக அனுப்பும். இன்னொரு கீபோர்டு ஜவையும், கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியையும் இரண்டு துண்டாக அனுப்பும். திரையில் பார்த்தால் ஒரு வித்தியாசமும் இருக்காது. உள்ளே எண்கள் வேறு. இப்படி இருப்பவற்றை ஒன்றாக்க டேட்டாபேஸிலேயே ஒரு வசதி உண்டு. ஆனால் யுடிஎஃப்-8 என்று சொல்லித் தொடங்கிய சர்வரில் மட்டும்தான் அது வேலை செய்யும். பழையதில் அதைக் கேட்கக்கூட முடியாது. ஜூலியட் அதை முதல்தடவையாக ஓட்டினாள். பிறகு, ஒரே பெயர், ஒரே பிறந்த தேதி, ஆனால் இரண்டு வெவ்வேறு பதிவுகள் யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டாள்.

பத்து இருபது வரும் என்று நினைத்தாள். திரை நிரம்பி, கீழே ஓடிக்கொண்டே போனது.

எல்லாம் ஒ, ஓ, ஔ ஒலி வரும் பெயர்கள். கோமதி, ஜோசப், மனோகரன், சௌந்தரம். சட்டென்று அவள் கண் ஒரு ஜோடியில் நின்றது. ஜொவிட்டா, ஜொவிட்டா. ஓய்வுபெற்ற ஆசிரியை. முதல் பதிவு மந்தைவெளிக் கிளையில், சில வருடங்களுக்கு முன்னால் ஆரம்பித்தது. இரண்டாவது அடையாறு கிளையில், போன வாரம் ஆரம்பித்தது. முதல் பதிவின் தலைப்பில் சிவப்புப் பட்டை. ஹெபாரின் கொடுக்கக்கூடாது என்று அதில் இருந்தது. இரண்டாவதில் பட்டை இல்லை. ஒவ்வாமை எதுவும் இல்லை என்று இருந்தது.

டயாலிசிஸ் மெஷினுக்குள் போகும் ரத்தம் உறையாமலிருக்க ஹெபாரின் கொடுப்பார்கள். கிட்டத்தட்ட எல்லோருக்கும் கொடுப்பார்கள். மிகச் சிலருக்கு அது நேர்மாறாக வேலை செய்து, ரத்தத்தை உடம்புக்குள்ளேயே கட்டவைத்துவிடும். ஒருமுறை அப்படி ஆனவர்களுக்குத் திரும்ப அதைக் கொடுக்கவே கூடாது. இத்தனை வருடம் இந்தத் தரவோடு பழகியதில் ஜூலியட்டுக்கு இந்தளவு தெரிந்திருந்தது.

"இங்க பாரு," என்றாள்.

காஷிஃப் குனிந்து பார்த்தான். "ஒரே பேருதான? ரெண்டு வாட்டி வந்துக்கீது."

"நீ பாக்கறதுக்கு ஒரே பேரு. நம்ம சிஸ்டத்துக்கு ரெண்டு. அடையாறுல புது டேப்லெட்ல பேர அடிச்சுத் தேடியிருக்காங்க. கிடைக்கல. புது ஆளுன்னு சேத்துட்டாங்க."

"போன் நம்பர் வெச்சுப் பாத்துருக்கலாமே?"

"நம்பர் மாறியிருக்கு. வீடும் மாறியிருக்காங்க."

அடுத்த டயாலிசிஸ் எப்போது என்று பார்த்தாள். அன்றைக்குத்தான். மத்தியான ஷிப்ட்.

ஸ்ரீரங்கன் அறைக்குள் போய்ச் சொன்னபோது அவர் உடனே எழுந்து நின்றார். அவர் முகத்தில் பயம் வந்ததை ஜூலியட் பார்த்தாள். பிறகு அவர் மெதுவாகத் திரும்பவும் உட்கார்ந்தார்.

"ரெண்டும் ஒரே ஆள்தானா? நிச்சயமா?"

"பேரும் பிறந்த தேதியும் ஒண்ணு சார். மேல தெரியாது."

"தெரியாம எப்படி நாம சொல்றது? நாம டாக்டர் இல்லே ஜூலியட். நோயாளியோட விவரத்தை நாம படிச்சதே தப்புன்னு கேப்பா. இரு, டிரஸ்ட்ல ஐடி பாக்கற குலாம் ரசூல்கிட்டப் பேசறேன். அவர் மூலமாப் போகட்டும். அதான் முறை."

போன் அடித்து அடித்து நின்றது. இன்னொரு தடவை அடித்தார். செய்தி அனுப்பினார். குலாம் ரசூலே திரும்பக் கூப்பிடுவார் என்றார்.

"மத்தியான ஷிப்ட் ஆரம்பிச்சிடும் சார். நான் மையத்துக்கே பேசிடறேனே."

"வேண்டாம்." அப்போதும் அவர் குரல் உயரவில்லை. "நாளைக்கு அக்ரிமெண்ட். இன்னிக்கு நாமளே போன் பண்ணி எங்க சிஸ்டம் ஒரு ஆளை ரெண்டு ஆளாக் காட்டறதுன்னு சொன்னா என்ன ஆகும்? இருபது பேர் சம்பளம் இதுல இருக்கு. வெள்ளிக்கிழமை சுமுகமாப் போகணும்னு நீயும்தானே நினைக்கறே?"

கடைசியாகச் சொன்னதன் அர்த்தம் ஜூலியட்டுக்குப் புரிந்தது. அவருக்கும் அது புரிந்திருக்க வேண்டும். மேசைமேலிருந்த பேனாவை எடுத்து வேறிடத்தில் வைத்தார்.

அவள் வெளியே வந்து மாடிப்படியில் நின்று அடையாறு மையத்துக்குப் போன் செய்தாள். வரவேற்பில் இருந்த பெண் எடுத்தாள். ஜூலியட் விஷயத்தைச் சொன்னாள்.

"ஒரு நிமிஷம் மேடம், பாக்கறேன்." கீபோர்டு சத்தம் கேட்டது. "ஜொவிட்டா மேடம்தானே? அலர்ஜி எதுவும் இல்லைன்னு இருக்கே."

"அது புதுசா ஆரம்பிச்ச பதிவு. பழசு ஒண்ணு இருக்கு, மந்தைவெளியில. அதுல இருக்கு."

"பேர் போட்டுத் தேடிட்டேன் மேடம். இது ஒண்ணுதான் வருது."

"ஒண்ணுதாம்மா வரும். அதான் பிரச்சினையே. நான் இங்க சாஃப்ட்வேர் ஆஃபீஸ்லேர்ந்து பேசறேன்."

"நீங்க செஞ்ச சிஸ்டத்துலதானே மேடம் நான் பாத்துச் சொல்றேன்?"

சிஸ்டர் இன்-சார்ஜ் யார் என்று கேட்டாள். ஃப்ளோரன்ஸ் என்று பதில் வந்தது. அவர் உள்ளே நோயாளிகளை இணைத்துக்கொண்டிருக்கிறார், அந்த நேரத்தில் போனுக்கு வரமாட்டார், சொல்லிவிடுகிறேன் என்று அந்தப் பெண் வைத்துவிட்டாள். சரியாகச் சொல்வாள் என்று ஜூலியட்டுக்கு நம்பிக்கை இல்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி ஆட்டோவை நிறுத்தினாள்.

கோட்டூர்புரம் பாலத்தின்மேல் ஆட்டோ நின்றது. முன்னால் பேருந்து, பின்னால் தண்ணீர் லாரி, இரண்டு பக்கமும் பைக்குகள். இறங்கி நடக்கலாமென்றால் இன்னும் பாதித் தூரம் இருந்தது. கீழே ஆற்றில் மழைத்தண்ணீர் பழுப்பாக ஓடிக்கொண்டிருந்தது.

"வேற வழி இல்லையாண்ணே?"

"எங்கமா போறது? அந்தாண்ட மெட்ரோ வேலைன்னு அடச்சு வச்சுக்கீறான். போனா இப்பிடித்தான் போவணும்." டிரைவர் எஞ்சினை அணைத்தார். "அவசரமா?"

"ஒருத்தருக்கு மருந்து மாத்திப் போட்டுருவாங்க."

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் எஞ்சினை மறுபடி முடுக்கி, ஹாரனில் கையை வைத்து அழுத்தியபடியே நடைபாதை ஓரமாக ஒரு சக்கரத்தை ஏற்றினார். ஆட்டோ இரண்டு அடி நகர்ந்து மறுபடி நின்றது. ஜூலியட் மையத்துக்கு மறுபடியும் போன் செய்தாள். லைன் கிடைக்கவில்லை. ஸ்ரீரங்கன் இரண்டு முறை கூப்பிட்டார். அவள் எடுக்கவில்லை.

மையத்தில் டயாலிசிஸ் அறையின் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே வெளியாட்கள் போகக்கூடாது. வரவேற்புப் பெண் எழுந்து வந்து தடுத்தாள். ஜூலியட் வாக்குவாதம் செய்யவில்லை. கதவை விரல் முட்டியால் தட்டினாள், தட்டிக்கொண்டே இருந்தாள். நீல உடையில் ஒரு நடுத்தர வயதுப் பெண் முகக்கவசத்தை இறக்கியபடி வெளியே வந்தார்.

"யாரு நீங்க? எதுக்கு இப்படித் தட்டறீங்க?"

"ஃப்ளோரன்ஸ் சிஸ்டரா?" ஜூலியட் தன் போனில் எடுத்து வைத்திருந்த படத்தைக் காட்டினாள். ஒன்றின்கீழ் ஒன்றாக இரண்டு பதிவுகள். "ரெண்டும் ஒரே ஆளான்னு எனக்கு நிச்சயமாத் தெரியாது. ஆனா ஒருவேளை ஒரே ஆளா இருந்தா, இன்னிக்கு இவங்களுக்கு ஹெபாரின் போடக்கூடாது."

ஃப்ளோரன்ஸ் படத்தை ஒருதரம்தான் பார்த்தார். திரும்பி உள்ளே போய், வரிசையில் மூன்றாவது நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்த மெஷினில் ஹெபாரினைச் செலுத்தும் சிரிஞ்சுப் பம்பை நிறுத்தினார். அதன்பிறகுதான் அந்த அம்மாளிடம் பேசினார். கதவு திறந்தே இருந்ததால் ஜூலியட்டுக்குக் கேட்டது.

"டீச்சர், மந்தைவெளியில போய்க்கிட்டிருந்தீங்களே, அங்க உங்களுக்கு ஏதாவது மருந்து ஒத்துக்காம நிறுத்துனாங்களா?"

"ஆமா. ஏதோ ஒண்ணு நிறுத்துனாங்க. ரத்தம் கட்டுதுன்னு சொன்னாங்க." வெள்ளைத் தலைமுடி, பூப்போட்ட நைட்டி, மெலிந்த கை. "பேரு ஞாபகம் இல்லம்மா. எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தியிருக்கோம், எங்க போனாலும் வரும்னு சொன்னாங்க. அதனால நான் ஒண்ணும் சொல்லல."

ஃப்ளோரன்ஸ் குனிந்து அவர் காலைப் பார்த்தார். இடது கெண்டைக்கால் வலதைவிடப் பருத்திருந்தது. நேற்றிலிருந்து வலிக்கிறது, நடந்ததால் இருக்கும் என்று ஜொவிட்டா சொன்னார். ஃப்ளோரன்ஸ் டாக்டரைக் கூப்பிட்டார். சாயங்காலத்துக்குள் அந்த அம்மாளை ஒரு பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். போன வாரமே கொடுத்திருந்த ஹெபாரினால் காலில் ரத்தக்கட்டு வந்துவிட்டிருந்தது. அன்றும் முழுக்கப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொல்லவில்லை. ஜூலியட்டும் கேட்கவில்லை.

புதன்கிழமை அறக்கட்டளையின் தி. நகர் அலுவலகத்தில் கூட்டம். அக்ரிமெண்ட் புதுப்பிக்கக் கூட்டியது இதைப் பேசுவதற்கான கூட்டமாக மாறிவிட்டிருந்தது. நிர்வாகி ஜமீலுன்னிசா அரசு வேலையில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். ஸ்ரீரங்கனும் ஜூலியட்டும் எதிரே உட்கார்ந்தார்கள். ஸ்ரீரங்கன் ஒன்றையும் மறைக்கவில்லை. நடந்ததை அப்படியே சொன்னார். தான் போன் செய்யவேண்டாம் என்று சொன்னதை மட்டும் விட்டுவிட்டார். ஜூலியட் அதைச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அவர் கையெழுத்துக்காக நிற்க அவளால் முடியாது.

"சரி, இப்ப எப்படிச் சரிசெய்வீங்க?" என்று ஜமீலுன்னிசா கேட்டார்.

ஜூலியட்தான் பதில் சொன்னாள். புதிய சர்வரை யுடிஎஃப்-8 என்றும் தமிழ் லொக்கேல் என்றும் சொல்லித் தொடங்கவேண்டும். பழைய எழுத்துருப் பெயர்களை மாற்றவேண்டும். இரட்டைப் பதிவுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கவேண்டும். அதுவரை எல்லாக் கிளைகளிலும் பெயரை மட்டும் நம்பாமல் நோயாளியிடம் வாயால் கேட்கவேண்டும்.

"இதையெல்லாம் யார் செய்வாங்க?"

"ஜூலியட் செய்வா," என்றார் ஸ்ரீரங்கன்.

"எனக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள் மேடம்," என்றாள் ஜூலியட்.

ஜமீலுன்னிசா அவளைக் கொஞ்சநேரம் பார்த்தார். கடுமையாகப் பார்க்கவில்லை. "உங்க லிஸ்டுல இந்த மாதிரி இன்னும் எத்தனை பேரும்மா?"

"முந்நூறுக்கு மேல."

"அதுல யாருக்காவது இன்னிக்கு டயாலிசிஸ் இருக்கா?"

ஜூலியட் அந்தப் பட்டியலை அன்று காலை எழுந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "இருக்கு," என்றாள். "காலைல போன் பண்ணிட்டேன்."

"நாளைக்கு?"

"நாளைக்கும் இருக்கு."

அதற்குப்பிறகு அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. வேலை முழுக்க முடிந்து அறக்கட்டளை ஒப்புக்கொள்ளும்வரை இன்னார்தான் பொறுப்பில் இருக்கவேண்டும் என்று அக்ரிமெண்டில் ஒரு வரி சேர்த்தார்கள். இன்னார் என்ற இடத்தில் அவள் பெயர். ஸ்ரீரங்கன் கையெழுத்துப் போட்டார். கீழே இறங்கும்போது லிஃப்டில் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நான் உன்னைப் பிடிச்சு வெச்சுக்கணும்னு பண்ணலே. நானும்தான் மாட்டிண்டிருக்கேன்."

"தெரியும் சார்."

"லெட்டர் கொடுக்கமாட்டேன்னு இல்லே. இப்ப கொடுத்தா அக்ரிமெண்ட் போயிடும்."

லிஃப்ட் கதவு திறந்தது. ரங்கநாதன் தெருப் பக்கம் போகும் கூட்டம் நடைபாதை முழுக்க இருந்தது. அவர்கள் இருவரும் வேறுவேறு பக்கம் நடந்தார்கள்.

வேளச்சேரி நிறுவனத்துக்கு அன்றே போன் செய்தாள். மனிதவளப் பிரிவிலிருந்த பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். எவ்வளவு நாள் தள்ளிப்போகும் என்று கேட்டாள். இரட்டைப் பதிவுகளையும் சரிபார்த்து அறக்கட்டளை ஒப்புக்கொள்ள மூன்று மாதமாகலாம் என்று ஜூலியட் சொன்னாள். அவ்வளவு நாள் அந்த இடத்தைக் காலியாக வைத்திருக்க முடியாது, அடுத்தவரைக் கூப்பிட வேண்டியிருக்கும், பின்னால் ஏதாவது வந்தால் சொல்கிறோம் என்றாள். அந்தப் பெண்ணின் குரலில் அனுதாபம் இருந்தது.

சாந்தோமில் அவர்களுடைய வீடு. கணவன் ஆஸ்வின் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, விடைத்தாள் கட்டை மேசைமேல் வைத்துவிட்டு, அவள் சொல்வதையெல்லாம் கேட்டான்.

"அந்த லெட்டரே வேணாம் ஜூலி. எழுதிக் குடுத்துட்டு வெளிய வா. வேற வேலை கிடைக்காமலா போயிடும்? கொஞ்ச நாள் என் சம்பளத்துல ஓட்டலாம்."

"வந்துடலாம்."

"அப்ப வா."

"நாளைக்குக் காலைல டி.நகர்ல ஒருத்தருக்கு டயாலிசிஸ் இருக்கு. பேரு மனோகரன். அவருக்கு ரெண்டு பதிவு இருக்கு. ஒண்ணுல சர்க்கரை மருந்து இருக்கு, இன்னொண்ணுல இல்ல. இது எனக்குத் தெரியும். நான் அங்க இல்லாட்டியும் தெரியும்."

"வேற யாருக்காவது சொல்லிக் குடு."

"காஷிஃப்கிட்ட கேட்டேன்."

காஷிஃபிடம் அவள் கேட்டிருந்தாள். அவன் வெட்கப்பட்டுக்கொண்டேதான் சொன்னான். "எனக்கு ரெண்டு புள்ளைங்கக்கா. இதுல கால வச்சேன்னா நானும் உங்கள மாரி ஆய்டுவேன். வேற இன்னா வேணா சொல்லுங்க, செய்றேன்." அவன்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. அவள் இடத்தில் அவன் இருந்து கேட்டிருந்தால் அவளும் அதையே சொல்லியிருப்பாள்.

ஆஸ்வின் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. சாப்பாட்டை எடுத்து வைத்தான். சாப்பிடும்போது அவள் போனைத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தாள்.

வியாழக்கிழமை புதிய சர்வரைத் தொடங்கினாள். கண்ணாடி அறையில் குளிர்சாதனம் உறுமிக்கொண்டிருந்தது. கட்டளையை ஒவ்வொரு சொல்லாக அடித்தாள். என்கோடிங் யுடிஎஃப்-8. லொக்கேல் தமிழ், இந்தியா. இந்த முறை எதையும் கணினியின் விருப்பத்துக்கு விடவில்லை. எண்டரைத் தட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் மறுபடி படித்தாள். பின்னால் ஸ்ரீரங்கனும் காஷிஃபும் நின்றார்கள். அவள் நினைத்தால் அப்போதுகூடப் பழைய மாதிரியே தொடங்கி, ஒரு நாளில் எல்லாவற்றையும் ஏற்றி, எழுந்து போயிருக்கலாம். யாருக்கும் உடனே தெரிந்திருக்காது. தட்டினாள். சில வரிகள் ஓடின. தொடங்கிவிட்டது என்று திரை சொன்னது.

"அவ்ளோதானா?" என்றான் காஷிஃப்.

"அவ்ளோதான். இனிமே மாத்த முடியாது."

வேலை அதற்குப்பிறகுதான் ஆரம்பித்தது. பெரும்பாலான ஜோடிகளை மெஷினே ஒன்றாக்கிவிடும் என்று ஸ்ரீரங்கன் நினைத்திருந்தார். முதல் நாளிலேயே அது நடக்காது என்று தெரிந்துபோனது. கோமதி என்று ஒரு ஜோடி. இருவருக்கும் பிறந்த தேதி ஒரே வருடம் ஜூன் முதல் தேதி. ஜூலியட் இரண்டு எண்களுக்கும் பேசினாள். ஒருவர் வேளச்சேரியில் முதல் மாடியில் மாட்டிக்கொண்டிருந்தார். தெருவில் இன்னும் மழைத்தண்ணீர் வடியவில்லை, நாளைக்கு மையத்துக்கு எப்படிப் போவது என்று அவர் இவளிடம் கேட்டார். இன்னொருவர் ஈக்காட்டுத்தாங்கலில் மகன் வைத்திருந்த லேத் பட்டறையிலிருந்து பேசினார். இரண்டு பேர். உண்மையிலேயே இரண்டு பேர். பிறந்த தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் பள்ளியில் சேர்க்கும்போது ஜூன் முதல் தேதி என்று போட்டிருந்தார்கள். இவர்களை ஒன்றாக்கியிருந்தால் ஒருவருடைய மருந்து இன்னொருவருக்குப் போயிருக்கும். ஆகவே ஒவ்வொரு ஜோடிக்கும் மனிதக் குரல் பேசித்தான் ஆகவேண்டும். அதைச் சொன்னபோது ஸ்ரீரங்கன் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஃப்ளோரன்ஸ் கூப்பிட்டார். "டீச்சர் பரவாயில்ல. கால் தப்பிச்சிடும்னு சொல்றாங்க. கையில ஊசி போடற ரத்தக்குழாய்தான் அடைச்சுப்போச்சு. கொஞ்ச நாள் கழுத்துல குழாய் வச்சுத்தான் டயாலிசிஸ் பண்ணணும்." பிறகு, "உங்ககிட்ட பேசணுமாம்," என்றார். ஆஸ்பத்திரிப் படுக்கை பக்கத்தில் நின்றுதான் கூப்பிட்டிருக்கிறார் என்று ஜூலியட்டுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"நான் ரெண்டு பேரா இருந்தேனாமே?" குரல் பலவீனமாக இருந்தாலும் வகுப்பில் கேள்வி கேட்கிற தெளிவோடு இருந்தது.

"ஆமா டீச்சர். இப்ப ஒண்ணாக்கிட்டோம்."

"எப்படிம்மா? நான் எம்பேர ஒரு மாதிரிதானே எப்பவும் எழுதறேன்?"

ஜூலியட் சொல்லிப் பார்த்தாள். கொம்பும் காலும் தனித்தனியாகப் போவதையும், சேர்ந்து போவதையும். ஜொவிட்டா குறுக்கிடாமல் கேட்டார். "கொம்பையும் காலையும் சேத்து எழுதணும்னு முப்பது வருஷம் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டு வந்திருக்கேன்," என்றார் கடைசியில். "நல்லா இரும்மா." ஃப்ளோரன்ஸ் போனை வாங்கிக்கொண்டார். இது எல்லாம் எப்போது முடியும் என்று கேட்டார். ஜூலியட் தெரியாது என்றாள்.

நாலு மணிக்குக் காஷிஃப் ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். சங்கடத்தோடு நின்றான். "போன வாரமே ஆர்டர் சொல்லிட்டேங்கா. கேன்சல் பண்ணலாம்னு போனேன், எழுதிட்டோம்னுட்டான்." பெட்டிக்குள் சாக்லேட் கேக். மேலே வெள்ளைக் கிரீமில், போய் வாருங்கள் ஜூலியட் என்று இருந்தது. எல்லோரும் சுற்றி நின்றார்கள். யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஸ்ரீரங்கன் தன் அறை வாசலில் வந்து நின்று, உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெட்டுங்கக்கா. வீணாயிரும்," என்றான் காஷிஃப்.

ஜூலியட் பிளாஸ்டிக் கத்தியை வாங்கி வெட்டினாள். முதல் துண்டைக் காகிதத் தட்டில் வைத்து ஸ்ரீரங்கனிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். தன் துண்டை அவள் மேசைக்கு எடுத்து வந்தாள். பட்டியலில் அடுத்த ஜோடி சௌந்தரம். ஒருவர் மந்தைவெளி, ஒருவர் அடையாறு, சனிக்கிழமை காலையில் இரண்டு பேருக்குமே டயாலிசிஸ். விரலில் ஒட்டிய கிரீமைத் துடைத்துவிட்டு முதல் எண்ணை அழுத்தினாள். மறுமுனையில் மணி அடிக்க ஆரம்பித்தது.